அருகம்புல்லும் கொடுங்கையும்

மச்சான் சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டுகிறார். பதினோரு வருஷமாயிற்று. ஊரில் யாராவது கேட்டால் "கார்டன் வேலை" என்று முடித்துக்கொள்வார். கோல்ஃப் என்று சொன்னால் அடுத்த கேள்வி "நீங்களும் ஆடுவீங்களா?" என்று வரும். அதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது அவருக்கு.

குழி இருக்கிற வழவழப்பான திட்டுக்கு கிரீன் என்று பெயர். ஆட்டக்காரர்கள் வருமுன் அதை வெட்டி முடித்துவிட வேண்டும். எவ்வளவு உயரம் விடுவீர்கள் என்று கேட்டேன்.

"மூணு மில்லிமீட்டர் மாப்ள. நம்ம ஆசாரி கணக்குல ஒரு நூல்."

அங்குலத்துக்கு எட்டு நூல். போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

குழியின் வாய் உலகம் முழுக்க நாலே கால் அங்குலம். ஆனால் குழி ஒரே இடத்தில் இருப்பதில்லை, அடிக்கடி மாற்றுகிறார்கள். உருளை வெட்டியால் புது இடத்தில் மண்ணோடு புல்லைத் தூக்கி, அந்தக் கட்டியைப் பழைய குழிக்குள் வைத்து அமுக்கிவிடுவது. ஒழுங்காக அமுக்கினால் நேற்று குழி எங்கே இருந்தது என்று வெட்டியவருக்கே தெரியாதாம். சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு.

*

போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர், அங்கே இரண்டாம் நம்பர் மைதானம். பழையபடி ஆக்கிய கதை. அதைப் பார்த்த பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதில்லை, ஆனாலும் இந்தக் கதை விடவில்லை.

1907இல் திறந்த மைதானம். வகுத்தவர் டொனால்ட் ராஸ், ஸ்காட்லாந்தின் டோர்னக்கிலிருந்து போனவர். மைதானத்தை ஒட்டியே வீடு கட்டிக்கொண்டு, 1948இல் இறக்கும் வரை அதில் கை வைத்துக்கொண்டே இருந்தார். அடிப்படையில் அது மணல் பூமி. ஓரமெல்லாம் மணலும் ஊசிபோன்ற முரட்டுப் புல்லும் பைன் சருகும். அவருக்குப் பிறகு வந்தவர்கள் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உரம், கொஞ்சம் பச்சை என்று ஏற்றிக்கொண்டே போய் மணலே தெரியாமல் மூடிவிட்டார்கள். டிவியில் பச்சையாகத் தெரிய வேண்டுமே.

2010இல் பில் கூர், பென் கிரென்ஷா என்ற இருவரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். பெரும்பாலும் கழித்தல் கணக்கு. சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்துப் போட்டார்கள். தண்ணீர் தெளிப்பான்கள் 1,150 இருந்தன, 450 மிஞ்சின. கூட்டியது என்று பார்த்தால் அந்த முரட்டுப் புல்தான். இரண்டு லட்சத்துக்கு மேல், கையால் நட்டது. நாற்று நடவு போலத்தான் இருந்திருக்கும், சேறு மட்டும் இல்லை.

*

பழையபடி என்றால் எதை வைத்து? இரண்டு சாட்சிகள் கிடைத்தன.

ஒன்று, 1943 கிறிஸ்துமஸ் அன்று விமானத்திலிருந்து ராணுவம் எடுத்த படம். எந்த இடத்தில் புல், எந்த இடத்தில் மணல் என்று அதில் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ராஸ் காலத்தில் ஆடுபாதையின் நட்டநடுவே ஒரே வரிசையாகத் தண்ணீர்க் குழாய் போயிருக்கிறது. மண்ணுக்குள் கிடந்த அந்தப் பழைய குழாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குழாய்தான் நடுக்கோடு. அங்கிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை பச்சை, அப்புறம் தானாக மங்கி மணலாகிவிடும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் நெல்லுக்கு நாள் மாற்றிச் செய்வதை ராஸ் மைதானத்தில் இடம் மாற்றிச் செய்திருக்கிறார்.

கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரனான எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தண்ணீர் எட்டிய இடம் வயல், எட்டாத இடம் பொட்டல். எங்கள் தாலுகாவின் வரைபடமே இப்படித்தான் வரையப்பட்டது.

*

கல்லணைக் கால்வாய் என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய திட்டத்துக்குப் பெயர், "விரிவாக்கம், புனரமைப்பு, நவீனமாக்கல்." சுமார் 2,640 கோடி ரூபாய். பெரிதாக்குவது, பழையதாக்குவது, புதிதாக்குவது, மூன்றும் ஒரே பெயரில். தரையில் கான்கிரீட் போட்டால் வழியில் நீர் மண்ணுக்குள் இறங்காது, கிணறு ஊறாது என்று மேல்மடைப் பக்கம் எதிர்த்தார்கள். கான்கிரீட் போட்டால்தான் எங்கள் வரைக்கும் தண்ணீர் வரும் என்று இங்கே சிலர் கணக்குப் போட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான், அதுதான் தொல்லை.

*

மறுபடி பைன்ஹர்ஸ்ட். நெருடுகிற இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

1907இல் திறந்தபோது அங்கே கிரீனில் புல்லே கிடையாது. மணல்தான். புல் போட்டது 1935 வாக்கில், அடுத்த வருஷம் நடந்த பிஜிஏ சாம்பியன்ஷிப்பை ஒட்டி. ஆகவே "ஆதி வடிவம்" என்று நிஜமாகவே கிளம்பியிருந்தால் மணல் கிரீனுக்கல்லவா போயிருக்க வேண்டும்? போகவில்லை. 1907 அல்ல, 1943ஐ ஒட்டிய காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

அது மட்டுமில்லை. அந்த மைதானத்துக்கு உலகப் பெயரே ஆமை முதுகு போன்ற அதன் கிரீன்களால்தான். பந்து மேலே வந்து விழுந்து நாலா பக்கமும் வழுக்கி இறங்கும். அந்த முதுகு முழுக்க ராஸ் போட்டதல்ல, வருஷா வருஷம் மேலே தூவிய மணல் சேர்ந்து சேர்ந்தும் பிற்பாடு கிரீனைத் திரும்பக் கட்டியபோதும் உயர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஓரத்தையெல்லாம் உரித்துப் போட்டவர்கள் கிரீன்களை மட்டும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

பிழைக்கத் தெரிந்தவர்கள்.

*

(மணல் கிரீன் என்பது நமக்கு அந்நியமில்லை. நம் நாட்டில் தண்ணீர் இல்லாத சின்ன மைதானங்களில், ராணுவ முகாம்களில், எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் வட்டம்தான் இருக்கும். அதற்கு கிரீன் என்று பெயர் வைக்கக் கூச்சப்பட்டு பிரவுன் என்கிறார்கள். ஒருவர் பந்து தள்ளி முடித்ததும் கோணியையோ பலகையையோ இழுத்துச் சமன் செய்ய வேண்டும்.)

*

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையார்கோவிலில் கொடுங்கைக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றேன். எத்தனையாவது தடவையோ.

கூரையின் ஓரம் வளைந்து இறங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் நீளச் சட்டம், குறுக்கே சட்டம், சந்திக்கிற இடத்தில் ஆணி, ஆணிக்குக் கொண்டை. எல்லாம் கருங்கல். கல்லுக்கு ஆணி எதற்கு? ஒரு தேவையும் இல்லை. கல் தச்சன் மரத் தச்சனைச் சீண்டிப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். ஓரத்தில் கல் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று பார்த்தால் பயமாகவே இருக்கும். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக" என்று ஒரு வரி சேர்ப்பார்களாம். எது வேண்டுமானாலும் செய்து தருகிறோம், அதை மட்டும் கேட்காதீர்கள் என்று அர்த்தம்.

மாணிக்கவாசகர் பாண்டியன் கொடுத்த குதிரைப் பணத்தில் எடுத்த கோயில் என்பது கதை. ஆனால் முன் மண்டபத்துத் தூண் சிற்பங்களைப் பார்த்தால், உடையின் மடிப்பும் நகையும் நிற்கிற தோரணையும் நாயக்கர் காலத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. கருவறைக்கும் கொடுங்கையுள்ள இந்த மண்டபங்களுக்கும் நடுவே எத்தனையோ தலைமுறைகள் போயிருக்கின்றன. ஆகவே யாராவது ஒரு புண்ணியவான் "கோயிலை ஆதி வடிவத்துக்குக் கொண்டுபோகிறேன்" என்று கிளம்பினால், முதலில் கழற்ற வேண்டியது கொடுங்கையை.

*

கொடுங்கையில் குண்டு பட்ட ஓட்டை என்று காட்டுவார்கள். இது கல்லாக இருக்க முடியாது என்று ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தாராம். கதையை நம்புவது அவரவர் இஷ்டம். ஆனால் திருப்பணியில் அந்த ஓட்டையை அடைக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், ஊர் சும்மா இருக்காது. கெட்டுப்போனதும் கோயில் சொத்துதான்.

*

1964இல் வெனிஸில் கூடிய நிபுணர்கள் பழங்கட்டடங்களுக்கு ஒரு சாசனம் எழுதினார்கள். அதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஊகம் தொடங்குகிற இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும். ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்த நல்ல வேலையை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமல்ல. கோல்ஃப்காரர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது அவர்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் ஞாபகம் வருகிறது.

நம்மிடம் முறையே வேறு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு குடமுழுக்கு, அஷ்டபந்தனம் புதிதாக இடித்துச் சாத்துவது, ஜீர்ணோத்தாரணம் என்று அதற்கே ஒரு சாஸ்திரம். பழசைப் பழசாகவே வைத்திருப்பது நம் நோக்கமாக இருந்ததே இல்லை. சிக்கல் எங்கே என்றால், அந்தச் சாஸ்திரம் எழுதிய காலத்தில் மணலை அழுத்தத்தில் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டுகிற இயந்திரம் இல்லை. எத்தனை கோயிலில் பார்த்துவிட்டேன். கல்வெட்டின் எழுத்து விளிம்பு உருகிய சோப்பு மாதிரி ஆகிவிடும். தூணில் இருக்கிற பெண்ணுக்கு மூக்கு மழுங்கிவிடும். பளிச்சென்று இருக்கிறதே என்று வருகிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது பற்றி 75 உத்தரவுகள் போட்டது. ஒரு தூணைச் சுரண்டி முடிக்கிற நேரத்தில் எழுபத்தைந்தையும் படிக்கக்கூட முடியாது.

பைன்ஹர்ஸ்ட்டிலும் இந்த "பளிச்" சண்டை நடந்தது. 2014இல் ஆண்கள் யூ.எஸ். ஓப்பனும் பெண்கள் யூ.எஸ். ஓப்பனும் அடுத்தடுத்த வாரம் அதே மைதானத்தில் நடந்தன. மார்ட்டின் கைமரும் மிஷெல் வீயும் ஜெயித்தார்கள். டிவி பார்த்த பாதிப் பேர், என்ன இது, காய்ந்து கிடக்கிறதே என்றார்கள். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்காமல் விட்டால் நம் ஆட்கள் கேட்கிற அதே கேள்வி.

*

பென்சில்வேனியாவில் ஓக்மாண்ட் என்று இன்னொரு மைதானம். 1903இல் ஹென்றி ஃபவுன்ஸ் வெட்டவெளியில் போட்டது. 1960களில் அழகுக்காக மரம் நட்டார்கள், ஆயிரக்கணக்கில். முப்பது வருஷத்தில் அது வேறு இடமாகிவிட்டது. 1990களில் மரங்களை எடுக்க முடிவு செய்தவர்களுக்கு உறுப்பினர்களைக் கண்டு பயம். அதனால் விடியுமுன் வண்டி விளக்கு வெளிச்சத்தில் வெட்டி, மரத்தூளைக் கூட்டி அள்ளி, யாரும் வருமுன் சுத்தம் செய்துவிடுவார்களாம். வெகுநாள் ஒருவரும் கவனிக்கவில்லை.

மரம் வெட்டுவதைத் திருட்டு மாதிரி செய்தது எனக்குப் புரிகிறது. எங்கள் மாவட்டத்தில் தைலமரக் காட்டையும் சீமைக் கருவேலத்தையும் எடு என்று பகலிலேயே மனுக் கொடுக்கிறார்கள். கிணறு வற்றியதற்குத் தைலமரத்தைக் கைகாட்டாத விவசாயியைப் பார்ப்பது கஷ்டம். இருந்தாலும் கோடரி விழும்போது "பச்சை மரம்ப்பா" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும்.

*

சிங்கப்பூரில் மீட்பெல்லாம் பேச்சே இல்லை, நிலத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூருக்கு அதிவேக ரயில் விடுவதற்காக 2016இல் ஜூரோங் கன்ட்ரி கிளப்பும் 2018இல் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பும் போயின. 2021 புத்தாண்டு அன்று ரயில் திட்டமே ரத்து. மச்சான் இதைச் சொல்லிவிட்டு, "நல்லவேளை, எங்க பக்கம் ரயில் வரல" என்றார்.

*

ஆவுடையார்கோவிலில் யாரும் மீட்க வேண்டியிராத ஒன்று நைவேத்தியம். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொண்டுவந்து சன்னிதிக்கு எதிரே கல்மேடையில் அப்படியே கொட்டுவார்கள். மேலெழும் ஆவிதான் படையல். லிங்கம் இல்லாத, ஆவுடை மட்டும் இருக்கிற சன்னிதி. உருவமில்லாத சாமிக்கு உருவமில்லாத சாப்பாடு. மூலைக்கு மூலை மண்டபங்கள் முளைத்தன, இது மட்டும் உலைச் சூடு ஆறாமல் வந்துகொண்டிருக்கிறது.

*

மச்சான் லீவில் வந்திருக்கிறார். கோயிலுக்குப் போனோம். கொடுங்கையை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பிராகாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கல் இடுக்கில் புல். நகத்தால் கிள்ளி, கணுவைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் மாப்ள பெர்முடா. எங்க கிரீன்ல போட்டிருக்கறது இதோட ஒட்டு ரகம். மூட்ட மூட்டயா உரம் போடுறோம். இங்க கல்லுக்குள்ள நிக்குது பாரு."

அருகம்புல். பைன்ஹர்ஸ்ட்டில் முப்பத்தைந்து ஏக்கர் பெயர்த்துப் போட்டதும் இந்தச் சாதிதான். கிள்ளியதைக் கீழே போட மனசில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து, வாசலில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதைப் பற்றியெல்லாம் விளக்கத் தொடங்கினார். மூன்று மில்லிமீட்டர், இயந்திரம், வெள்ளைக்காரன், சம்பளம்.

அந்தம்மா கட்டுவதை நிறுத்தவில்லை.

"அம்புட்டுக் குட்டையா வெட்டுனா எப்படித் தம்பி கட்டுறது?"