மூழ்கிய ஊரும் நனைந்த பெட்டியும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஏரியூருக்கு வந்து, அங்கிருந்து நாகமரைக்குப் போனால், பாதை தண்ணீரில் போய் நிற்கும். காவிரிதான், ஆனால் ஆறு மாதிரி இராது, கடல் மாதிரி விரிந்து கிடக்கும். மேட்டூர் அணையில் தேங்கிய நீர் இது. அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. போக வர விசைப்படகு உண்டு.

அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. 1925-ல் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. 120 அடி உயரத்துக்கு நீர் நின்றால் சுமார் 59 சதுர மைல் மூழ்கிவிடும். அங்கே குடியிருந்தவர்கள் வீடு வாசலை விட்டு மேட்டுக்குப் போனார்கள். அணை வற்றும் காலங்களில், 2023-ல் வற்றியது போல, பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரமும் தலை நீட்டும்.

"அடுப்பைக்கூடப் பெயர்த்துக்கொண்டா போயிருப்பார்கள்?" என்று கேட்டாள் என் மனைவி. பெண்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்!

அடுப்போ அம்மியோ, எடுத்துப் போக அவர்களுக்கு அவகாசமாவது இருந்தது. நமக்கெல்லாம் ஓர் இரவுதான். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் கடலோரத்தை விட்டு உள்ளே வந்தபோது, வறண்ட சீமை என்று பெயர் வாங்கிய இதே மாவட்டத்தில், அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் கொட்டியது. பக்கத்து ஊத்தங்கரையில் 50!

தண்ணீர் கெடுப்பது பாதி. வடிந்த பிறகு நம் அவசரம் கெடுப்பது மீதி. வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. மின்சாரம் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை மெயினைத் தொடவே வேண்டாம். மிக்ஸி, கிரைண்டர், குளிர்ப்பெட்டி எல்லாம் அப்படியே இருக்கட்டும். வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருக்கும். ஆகவே நனைந்த அரிசி பருப்பைக் காயவைத்துச் சமைக்கும் சிக்கனம் ஆபத்து. பஞ்சு மெத்தைக்கும் விடை கொடுத்துவிடுங்கள். பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பயமில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும்.

பட்டுப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தோடு விட்டால், ஒன்றின் கரைச் சாயம் மற்றதன் உடலில் ஏறிவிடும். முதலில் தனித்தனியாகப் பிரியுங்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் காயப் போடுங்கள். மர அலமாரிக்கும் நிழல்தான். வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். உப்பிய இழுப்பறையைப் பலங்கொண்டு இழுக்காதீர்கள். தானாகக் காய்ந்து இளகட்டும்.

எல்லாவற்றிலும் மனசை அறுப்பது கல்யாணப் போட்டோ. புடவை போனால் வேறு வாங்கலாம். மாமியாரின் இளவயசுப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கவே கூடாது. சுத்தமான நீரில் மிதக்கவிட்டால் சில தாமாகவே பிரியும். பிரிந்ததை, படம் மேலே பார்க்க, துணிமேல் நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் வந்துவிடுமாதலால், எல்லாவற்றையும் உடனே பார்க்க முடியாவிட்டால், படங்களையும் பத்திரங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, குளிர்ப்பெட்டியில் ஐஸ் உறையும் அறையில் வைத்துவிடலாம். பிறகு சாவகாசமாக ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம். நம் குளிர்ப்பெட்டிதான் நனைந்துவிட்டதே என்கிறீர்களா? மாடி வீட்டு அம்மாளிடம் கேளுங்கள். காப்பிப் பொடி கடன் கேட்டதைவிட இது பெரிய விஷயமா, என்ன?

பத்திரமே போய்விட்டாலும் கலங்க வேண்டாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு மாற்றுப் பிரதி கொடுக்கச் சர்க்கார் தனி முகாம்களே நடத்தியது. பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி வெளியூர்த் தங்கையிடம் கொடுத்து வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம்.

ஊர் திரும்பியதும் என் மனைவி ஏணி போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பழைய அண்டாக்களைக் கீழே இறக்கினாள். அந்த இடத்தில் இப்போது எங்கள் போட்டோ ஆல்பங்கள் இருக்கின்றன. அண்டாக்கள் கூடத்தில் என் சாய்வு நாற்காலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன!