தூளிக் கயிறு

திங்கள்

குழந்தைகள் காப்பகம் பற்றி ஹெச்.ஆரிடம் பேசினேன். "டை-அப் இருக்கு மேடம், துரைப்பாக்கத்துல" என்றார். ஆபீஸ் இருப்பது சிறுசேரியில். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்த்து வரலாம் என்பது 2017-இல் திருத்திய மகப்பேறு பயன் சட்டத்தில் வந்த விதி. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் 4 முறை துரைப்பாக்கம் போய்வந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதே சட்டம் 12 வாரத்தை 26 ஆக்கிக் கொடுத்த விடுப்பும் முடியப்போகிறது. வீட்டுப் பக்கத்திலேயே தேட வேண்டியதுதான்.

அத்தை, "தெருமுனை பால்வாடி போதாதா? உன் புருஷன் அங்கதான் வளர்ந்தான்" என்கிறார். அங்கே சேர்ப்பது 2 வயதிலிருந்து. என் மகள் இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை.

புதன்

மேடவாக்கத்தில் ஒரு காப்பகம் பார்த்தேன். சுவரெல்லாம் சோட்டா பீம், ஏ.சி., செல்போனில் பார்க்கும்படி கேமரா. மேனேஜர் கேமரா புராணமே பாடினார். கைக்குழந்தைகளை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். "தேவைக்கு ஏத்த மாதிரி ஸ்டாஃப் போடுவோம் மேம்." பீச்சி எடுத்த தாய்ப்பாலை எப்படிக் கொடுப்பீர்கள்? "நல்லா காய்ச்சிக் கொடுத்துடுவோம்." தாய்ப்பாலைக் காய்ச்சுகிறவர்களை நான் கேமராவில் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளி

மடிப்பாக்கத்தில் ஒரு காப்பகத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல், மதியம் பன்னிரண்டரைக்குப் போனேன். சோறூட்டுகிற, தூங்கவைக்கிற நேரம். பழைய வீடு, மொசைக் தரை, ஏ.சி. இல்லை. ஆயாம்மாவின் கால் கட்டைவிரலில் தூளிக் கயிறு. தோளில் இன்னொரு குழந்தை, முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "இரும்மா, கக்கிடப் போவுது" என்றார். அந்தப் பிள்ளை ஏப்பம் விடும்வரை நின்றேன். ஃபிரிட்ஜில் ஒவ்வொரு பாட்டிலிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் மணியும் எழுதியிருந்தது. வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை வைத்துத்தான் சூடாக்குகிறார். கைக்குழந்தைகள் மூன்றுக்கு ஓர் ஆள். இவர் இங்கே எட்டு வருஷமாக இருக்கிறாராம்.

ஃபீஸ் மேடவாக்கத்தைவிடக் கூடுதல். ஏன் என்று நடத்துகிற அம்மாவைக் கேட்டேன். "சம்பளம் ஒழுங்கா கொடுத்தாதான் ஆள் நிக்கும்." ஏ.சி.க்குக் கொடுப்பதை இதற்குக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

என் கணவருக்குத்தான் கேமரா இல்லாதது உறுத்தல். எனக்கு உறுத்தியது மாடிப்படி. அடியில் தடுப்புக் கதவு இல்லை. கதவு போட்ட பிறகு அட்வான்ஸ் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.