வாடிவாசலும் எட்டுக் கோரும்

தை முதல் நாள் ஜல்லிக்கட்டு என்றால் எங்கள் அவனியாபுரம்தான். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் சாமான் வாங்க டவுன் பஸ்தான் கதி! கல்லூரியில் சேர்ந்திருக்கும் பையனுக்காக, போனஸ் பணத்தோடு கிளம்பினேன். மனசுக்குள் 8 கோர் பிராஸசர். துணைக்குச் சித்தப்பா.

"கோருன்னா என்ன தம்பி?" கடையில் கேட்டார்.

"வேலைக்கு ஆள் மாதிரி அய்யா. பிரிக்கிற வேலைன்னா எட்டுப் பேரும் பார்ப்பாங்க. பிரிக்க முடியலைன்னா ஒருத்தர் பார்ப்பாரு, மத்தவங்க சும்மா நிப்பாங்க."

"அட, எங்க ஆபீஸ்!" என்றேன்.

"வாடிவாசல்டா!" என்றார் சித்தப்பா. "பின்னாடி எத்தனை மாடு நின்னாலும் வெளியே ஒண்ணொண்ணாத்தானே வரும்?"

6 கோர் போதும் என்று இறங்கி வந்தேன். 2022-ல் வந்த ஐ5-12400 காட்டினார். பக்கத்திலேயே '12400 எஃப்', விலை குறைவு. பாய்ந்து எடுத்தேன்.

"சார், 'எஃப்' போட்டா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியா கார்டு வாங்கணும். இல்லேன்னா திரையில ஒண்ணுமே தெரியாது."

நல்லவேளை, பணம் தப்பியது! எஃப் இல்லாததையே வாங்கி, மிச்சத்தில் 16 ஜிபி ராம் போட்டேன்.

பஸ்ஸில் சித்தப்பா சொன்னார்: "கொம்பைப் பார்த்து மாடு பிடிக்காதே. உழவுக்கா, வாடிக்கான்னு மொதல்ல கேளு!"