பாட்டு எப்பண்ணே வரும்?

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ் பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வண்டி ஊரைத் தாண்டி வயக்காடு தெரிய ஆரம்பித்ததும் டிரைவர் பாட்டைப் போட்டு விடுவார். அநேகமாக இளையராஜா பாட்டாகத்தான் இருக்கும். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் என்று மேற்கே போகப் போக மலை கிட்டே வரும். தேனியைத் தாண்டி இன்னும் போனால், தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவில் பண்ணைப்புரம். ராஜா பிறந்த ஊர். அவர் பிறந்த 1943-ல் அது மதுரை ஜில்லா. தேனி தனி மாவட்டம் ஆனதெல்லாம் 1990-களில். அதனால் மதுரைக்காரர்கள் "நம்ம ஆளு" என்று உரிமை கொண்டாடுவதில் தப்பே இல்லை :-)

சரி, ஒரு சின்ன கற்பனை. ஒரு நாள் அந்த டிரைவர் வழக்கமான பாட்டுக்குப் பதிலாக 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைப் போட்டு விடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். வயலின் வருகிறது. இன்னும் நாலு வயலின் வருகிறது. ஒன்றை ஒன்று துரத்துகிறது. இரண்டு நிமிஷம் ஆச்சு, மூணு நிமிஷம் ஆச்சு. யாரும் பாடவில்லை. கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் கண்டிப்பாக வரும்.

"அண்ணே, மியூசிக்கு நல்லாத்தான் இருக்கு.. பாட்டு எப்பண்ணே வரும்?"

வராது. அதுதான் விஷயமே.

முதலில் ராஜாவின் பழைய கதை. சின்ன வயசில் அவர் பெயர் ராசையா. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடுகிறவர். 14 வயசு வாக்கில் ராசையாவும் அந்தக் குழுவில் சேர்ந்து கொண்டார். பாட்டு, ஆர்மோனியம், ஊர் ஊராகப் பயணம். இப்படியே சுமார் பத்து வருஷம். 1958-ல் கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, தேயிலைத் தோட்டத் தமிழர்களிடம் ஓட்டுக் கேட்க பாவலரின் பாட்டைத்தான் கட்சி நம்பியது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

இப்படிப்பட்ட மேடையில் எது முக்கியம்? வார்த்தை. மைக்கில் சொல்கிற சேதி கடைசி வரிசையில் நிற்கிறவருக்குப் போய்ச் சேர வேண்டும். மெட்டு என்பது அந்தச் சேதியை ஏற்றிக் கொண்டு போகிற மாட்டு வண்டி, அவ்வளவுதான். வண்டி அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். சரக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

1960-களின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்குக் கிளம்பினார்கள். அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். இசை கேட்கிற பெட்டியை விற்று இசையமைக்க அனுப்பிய அம்மா! வீட்டில் இருந்த ஒரு சொத்தை, எந்த உத்தரவாதமும் இல்லாத ஒரு வேலையில் முதலீடு செய்கிறார். எந்த ஆடிட்டரும் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம். வயிற்றுப் பாட்டுக்கு ரெக்கார்டிங்குகளில் கிடார். சலீல் சௌத்ரிக்கு வாசித்தார். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். அடுத்தவர் மெட்டுக்கு, அடுத்தவர் சொல்கிற இடத்தில், அடுத்தவர் சொல்கிற நேரத்துக்கு வாசிக்க வேண்டும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பார்க்க அண்ணன் பாவலர் உயிரோடு இல்லை.

அப்படியே ஒரு தாவு தாவி இங்கிலாந்து போவோம். அங்கே ராபர்ட் ஃப்ரிப் என்று ஒரு கிடார்காரர். கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவை வைத்துக் கொண்டு 1969-லிருந்து நாடு நாடாகச் சுற்றியவர். பெரிய அரங்கம், பெரிய ஸ்பீக்கர், பெரிய சத்தம். 1974-ல் குழுவைக் கலைத்து விட்டார். அதற்கு இரண்டு வருஷம் முன்பே பிரையன் ஈனோ என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார். இரண்டு டேப் ரெக்கார்டர். ஒரே டேப் முதல் மெஷினில் பதிவாகி, நகர்ந்து போய் இரண்டாவது மெஷினில் ஒலிக்கும். அந்த ஒலியை மறுபடி முதல் மெஷினுக்கே அனுப்பினால்? இப்போது வாசித்த சுரம் சில நொடி கழித்துத் திரும்பி வரும். அதன் மேல் இன்னொன்று வாசிக்கலாம். அதுவும் திரும்பி வரும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஒரே ஆள், ஒரே கிடார், ஆனால் கூடம் முழுக்க ஒலி மேகம் மாதிரி நிற்கும். 1979-ல் இந்த மெஷின்களைத் தூக்கிக் கொண்டு ரெக்கார்டு கடை, ஓட்டல் என்று சின்னச் சின்ன இடங்களில் தனியாக வாசித்துக் காட்டினார். அரங்கம் நிறைய ஆளைப் பார்த்த மனுஷன்!

ஈனோ 1978-ல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் ஆல்பம் செய்து, அந்த வகைக்கு 'ஆம்பியன்ட்' என்று பெயர் வைத்தார். கவனித்துக் கேட்டாலும் சரி, கேட்காமல் விட்டாலும் சரி, அறையில் ஊதுபத்தி வாசனை மாதிரி இருந்து விட்டுப் போகும் இசை. 1994-ல் சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் 'போஸ்ட் ராக்' என்ற பெயரைப் பிரபலமாக்கினார். கிடார், டிரம்ஸ் எல்லாம் இருக்கும். ஆனால் முன்னால் வந்து குதிக்கிற கிடார் ஹீரோ இருக்க மாட்டார். கிடாரின் வேலை வித்தை காட்டுவது இல்லை, ஓசைக்கு நிறம் சேர்ப்பது.

இப்போது 1986-க்கு வருவோம். 'மௌன ராகம்' வந்த அதே வருஷம். ராஜா உச்சத்தில் இருக்கிறார். தயாரிப்பாளர் கேட்கவில்லை, டைரக்டர் காட்சி சொல்லவில்லை, கவிஞர் வரி எழுதவில்லை. அப்போது வருகிறது 'ஹவ் டு நேம் இட்?'. இதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியே பெயர். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. ஒரு உருப்படியில் பாக்கின் வயலின் இசை ஒரு பக்கம் ஓட, அதன் மேலேயே நம்மூர் வயலின் வந்து உட்கார்ந்து பேசுகிறது. அதன் பெயரே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் நம்ம வீட்டுக்கு வந்தால் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுவோம் இல்லையா, அப்படி.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தங்கப் பதக்கம் வாங்கியது கிடாரில். ஆனால் சொந்த ஆல்பத்தில் முன்னால் நிற்பது வி.எஸ்.நரசிம்மனின் வயலின். 1988-ல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். முதல் தடவையாக யாரும் கட்டளை போடாத ஒரு மேடை கிடைக்கிறது, அந்த மேடையில் தன் வாத்தியத்தை முன்னால் நிறுத்தவில்லை அவர்!

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லி விட வேண்டும். ராஜாவின் இந்த இசை ஆம்பியன்ட் கிடையாது. ஈனோவின் இசை நம்மிடம் ஒன்றும் கேட்காது. இது கேட்கும். பாதியில் கவனம் போனால் எந்த வயலின் எங்கே திரும்பியது என்று தொலைந்து போவோம். ஃப்ரிப் குழுவைக் கலைத்தார் (1981-ல் மறுபடி கூட்டியும் விட்டார்). ராஜா சினிமாவை விடவே இல்லை. ஆனால் மூலகாரணம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான் என்று தோன்றுகிறது. வருஷக் கணக்காகக் கூட்டத்தைப் பிடித்து வைப்பதையே தொழிலாகச் செய்தவர்கள், ஒரு நாள் பிடியை விட்டுப் பார்க்கிறார்கள். கூட்டம் கலைந்து போனால் போகட்டும் என்கிற தைரியம்.

சரி, பஸ்ஸில் கேள்வி கேட்டவர்? அவருக்கு வார்த்தை இல்லாத இசை புரியாதா?

இங்கேதான் வேடிக்கை. அதே ஆள் ராஜா பாட்டு ஓடும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் ஒரு இசை வருமே, அதை வாயாலேயே ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார். புல்லாங்குழல் முடிகிற இடம், வயலின் ஏறுகிற இடம், பேஸ் கிடார் தனியாக நடக்கிற இடம், எல்லாம் மனப்பாடம். சரணத்தின் இரண்டாவது வரி மறந்திருக்கும். இடையிசை மறக்காது! திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ரா கேட்டவர்களுக்கும் தெரியும். பாடகர் ஒரு வரியை மாற்றிப் பாடினால் மன்னித்து விடுவார்கள். கிடார்காரர் அந்த பிட்டில் ஒரு இடம் தப்பினால் முன்வரிசையிலிருந்து "ஏய்.." என்று சத்தம் வரும்.

அப்படியென்றால் வார்த்தை இல்லாத இசையை இந்த மனுஷன் வருஷக் கணக்காக நமக்கு ஊட்டிக் கொண்டுதான் இருந்திருக்கிறார். பாட்டு என்ற வீட்டில், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அறையில், அது வாடகைக்குக் குடியிருந்தது. 1986-ல் அதற்கென்று சொந்த வீடு கட்டினார். நாம்தான் அடையாளம் தெரியாமல் வாசலில் நின்று "பாட்டு எப்ப வரும்" என்று கேட்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. பாலு மகேந்திரா 1988-ல் 'வீடு' எடுத்தார். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், ஒரு நடுத்தர வர்க்கப் பெண் சொந்த வீடு கட்டப் படாத பாடு படுகிற கதை. அதற்குப் பின்னணி இசையாகப் போனது 'ஹவ் டு நேம் இட்?'. எந்தக் கதைக்கும் அடங்காமல் பிறந்த இசை கடைசியில் ஒரு கதைக்கே வேலைக்குப் போனது. வார்த்தை இல்லாத இசைக்கு இந்த ஊரில் தனி வரவு கிடையாது என்பதுதான் நிஜம். 1993-ல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் குழுவுடன் பதிவு செய்த சிம்ஃபொனி வெளியாகவில்லை. 'வேலியண்ட்' சிம்ஃபொனி 2025 மார்ச் 8-ல் லண்டனில் அரங்கேறியபோது அவருக்கு 81 வயசு. 32 வருஷ இடைவெளி. அதற்கு நடுவில் எத்தனை நூறு பாட்டு!

ஒரு வகையில் அந்தப் பாட்டுகள்தான் இதற்கெல்லாம் முதல் போட்டன. இன்றைக்கும் ராத்திரி முழுக்கத் திருவிழாவில் துண்டுச் சீட்டில் வருகிற பாட்டையெல்லாம் வாசித்து விட்டு, விடிகாலை வேன் வருகிற வரைக்கும் கிடாரை உறைக்குள் போடாமல் தனக்காக ஏதோ ஒன்றை மெதுவாக மீட்டிக் கொண்டிருக்கும் ஆர்க்கெஸ்ட்ரா கிடார்காரர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சீட்டு வராது, பெயரும் கிடையாது. எதிரே பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருப்பார். அடுத்த தடவை அப்படி யாரையாவது பார்த்தால், பாட்டு எப்பண்ணே வரும் என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

பி.கு: 'ஹவ் டு நேம் இட்?' கேட்காதவர்கள் பஸ்ஸில் முயற்சி செய்ய வேண்டாம். ராத்திரி, ஹெட்போன், லைட்டை அணைத்து விட்டு. முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் திட்டாமல் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை :-)