மரமும் விக்கிரகமும்

தியானப் பகுதி: ஏசாயா 44:14-17



சென்ற வாரம் ஒரு குடும்பத்தார் என்னிடம் ஆலோசனை கேட்டனர். "ஐயா, சாமை விதைத்துக் கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். கொல்லை முழுவதும் மலைவேம்பு வைத்துவிடலாமா?" நம் ஜவ்வாது மலையில் இக்கேள்வி அவர்களுடையது மட்டுமன்று.

மரம் வளர்ப்பது நல்ல காரியமே. மலைவேம்பு ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கு ஏற்றதாகிறது. வெட்டிய அடிமரமும் மறுபடி துளிர்க்கும். 2022ஆம் ஆண்டு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காட்டையும் மரப்பரப்பையும் 33 விழுக்காடாக உயர்த்த முயல்கிறது. மரம் காற்றிலுள்ள கரியை உட்கொண்டு தன் உடலில் சேர்த்துவைக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிதான். அம்மரம் கதவாகவோ கட்டிலாகவோ இருக்கும்வரை அந்தக் கரி அதில் தங்கும்; அடுப்பில் எரிந்தால் காற்றுக்கே திரும்பும். ஆகவே நடுவதோடு நம் பொறுப்பு முடிவதில்லை. வெட்டியபின் அதை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம்.

ஏசாயா தீர்க்கதரிசியும் இதைத்தான் கவனிக்கிறார். ஒருவன் மரம் நடுகிறான். மழை அதை வளர்க்கிறது. அதில் ஒரு பங்கை எரித்துக் குளிர்காய்கிறான், அப்பம் சுடுகிறான். இதைத் தீர்க்கதரிசி குற்றப்படுத்தவில்லை. மீந்த பங்கை விக்கிரகமாக்கி, அதன்முன் விழுந்து, தன்னை விடுவிக்கும்படி வேண்டுகிறானே, அதையே அவர் கடிந்துகொள்கிறார். மரம் பிழையன்று; மரம் நம்மை இரட்சிக்கும் என்று நம்புவதே பிழை.

மரத்தின் விலை விக்கிரகமாகும்போது அது பலி கேட்கும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் மலையைச் சேர்ந்தோரும் அவர்களில் இருந்தனர். செம்மரத்தால் செல்வம் சேர்த்தவர்கள் வேறு, உயிரிழந்தவர்கள் வேறு. அந்த வீடுகளின் கண்ணீரை அறிந்த நாம், சொந்த நிலத்தில் நட்டுப் பொறுமையோடு காத்திருந்து வெட்டும் மரத்தை இழிவாக எண்ணலாகாது. அது நேர்மையான பிழைப்பு.

ஆனாலும் அக்குடும்பத்தாருக்கு நான் சொன்னது இதுவே: கொல்லை முழுவதையும் மரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். வரப்போரத்திலும் கல்லாங்குத்திலும் மலைவேம்பு நடுங்கள். மண்ணுள்ள இடத்தில் சாமை இருக்கட்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் மரங்களுக்கிடையே பயிர் செய்யலாம். நிழல் விழுந்தபின் விளைச்சல் குறையும். மரம் விலைபோகும்வரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. கரியைச் சேமிப்பதற்குப் பணம் தருவதாக எவரேனும் ஒப்பந்தம் நீட்டினால், அது எத்தனை ஆண்டுகள் உங்கள் நிலத்தைக் கட்டும் என்பதைப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

நிலம் தம்முடையது என்றும், நாம் அதில் பரதேசிகள் என்றும் கர்த்தர் இஸ்ரவேலருக்கு உணர்த்தினார் (லேவியராகமம் 25:23). நமக்குப்பின் வருவோர்க்கும் அதில் பங்குண்டு. இன்று நாம் நடும் கன்று அவர்களுடைய கையைக் கட்டாதிருக்கட்டும்.

ஜெபம்: மழையை அருளும் பிதாவே, எங்கள் கைகள் நடுகிறவற்றை ஆசீர்வதியும். அவற்றின் விலையை அல்ல, உம்மையே நாங்கள் நம்பியிருக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், ஆமென்.