வென்றவர் விட்டுச் சென்ற நாற்காலி

தோற்றவர் விட்டுச் சென்ற பதவியில் அமர்வது எளிது. முன்னவரைவிடச் சிறிது உயர்த்திக் காட்டினாலும் ஊர் பாராட்டும். வென்றவர் விட்டுச் சென்ற பதவியோ அப்படிப்பட்டதன்று. பின்வருபவர் வென்றால், "அது பெரியவர் போட்ட பாதை" என்பார்கள், தோற்றால், "பெரியவர் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?" என்று பெருமூச்சு விடுவார்கள். அப்படி வருபவர் வெளியூரார் அல்லர், அதே திடலில் பெரியவருக்குப் பின்னால் பந்துப்பையைச் சுமந்து நின்றவரே என்றால் சங்கடம் இரு மடங்காகிறது.

என் தம்பிக்கு இச்சங்கடம் நேர்ந்தது.

எங்கள் ஊர் கலசப்பாக்கம். திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் இடையே செய்யாற்றங்கரையில் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை நீண்டு கிடக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும் நாள்களைவிட வெறும் மணல் கிடக்கும் நாள்களே மிகுதி. அந்த மணலில்தான் தம்பி பந்து உதைக்கக் கற்றான். பின்னர் எங்கள் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றின் அணியில் ஆடினான். படிப்பு முடிந்ததும் அதே அணிக்கு உதவிப் பயிற்சியாளரானான். பதினோர் ஆண்டுகள் அப்பணியில் கழிந்தன. அக்கல்லூரியின் பயிற்சியாளர் பெரிய மனிதர். மண்டலக் கோப்பைகள் பலவற்றை வென்று தந்தவர். அவர் ஓய்வு பெறும் காலம் வந்தது. பாட்டியாலாவில் பட்டயம் பெற்ற வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவரை அழைக்கலாம் என்று நிர்வாகத்தில் சிலர் கூறினர். பலர் தம்பியின் பெயரைச் சொன்னார்கள். முடிவில் அவனையே கேட்டார்கள்.

நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தவன் மகிழ்ச்சியாக இல்லை. "அண்ணே, உதவிப் பயிற்சியாளனாக இருந்தால் அறுபது வயது வரை யாரும் என்னை அசைக்க மாட்டார்கள். தலைமைக்கு வந்து மூன்று ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்றான். அவன் மனைவிக்கும் அதே கவலைதான். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை இன்னும் தீரவில்லை. "அந்தப் பதவி வேண்டாம் என்றாலும் சிக்கல்தானே! வருகிற புதியவரிடம் இவர் மறுபடியும் கைகட்டி நிற்க வேண்டும்" என்றார் அவர். அம்மா மட்டும், "உனக்கு அந்த வேலை தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்" என்று கேட்டார்கள். தம்பி வாய் திறக்கவில்லை.

அன்றிரவு அவனுக்கு நான் எடுத்துச் சொன்னவற்றையும், அதன்பின் படித்தறிந்தவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ரஹீம் சாஹிபுக்குப் பின்

இந்தியக் கால்பந்து வரலாற்றில் ஈடற்ற பயிற்சியாளர் மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத்தைச் சேர்ந்தவர், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவரது பயிற்சியில் இந்தியா 1951ஆம் ஆண்டு புதுதில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வென்றது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 எனத் தோற்கடித்து நான்காம் இடம் பெற்றது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம் பெற்றது. அந்த இரு கோல்களில் ஒன்றை அடித்தவர் பி.கே. பானர்ஜி, மற்றொன்றை அடித்தவர் ஜர்னைல் சிங். அப்போதே ரஹீம் சாஹிபைப் புற்றுநோய் பற்றியிருந்தது. அடுத்த ஆண்டு 1963 ஜூன் 11இல் அவர் மௌத்தானார்.

1964ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்கு ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர் பயிற்சியாளராக வந்தார். இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அது சிறிய சாதனையன்று; வெளியாள் என்பதற்காக ஒருவரைத் தாழ்வாக எண்ணக் கூடாது என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் ரஹீம் சாஹிபின் கல்வி அவரோடு மண்ணுக்குள் போய்விடவில்லை. பி.கே. பானர்ஜி பின்னாளில் பெயர்பெற்ற பயிற்சியாளரானார். 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு மோகன் பகான் 2-2 எனச் சமன் செய்தபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவரே. 1982ஆம் ஆண்டு தில்லி ஆசியப் போட்டியில் அவர் இந்திய அணியின் பயிற்சியாளர். அவருக்கு உதவியாளராக நின்றவர் ரஹீம் சாஹிபின் மகன் சையத் ஷாஹித் ஹகீம். ஆசான் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மாணவரும் மகனும் ஒரே அணியின் பொறுப்பில் நின்றார்கள். அந்த அணி காலிறுதியில் தோற்றது. ஆசானின் நிழலில் வளர்ந்தவர்கள் ஆசானைப் போலவே வெல்வார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது.

காலணி அறையில் வளர்ந்தவர்

இங்கிலாந்தின் லிவர்பூல் அணியை இரண்டாம் நிலையிலிருந்து உயர்த்தி மூன்று முறை சாம்பியனாக்கியவர் பில் ஷாங்க்லி. 1974 ஜூலையில் அவர் பதவி விலகியபோது ஊரே கலங்கியது. நிர்வாகம் வெளியே தேடவில்லை. பாப் பெய்ஸ்லி என்ற அமைதியான உதவியாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் 1939இல் ஆட்டக்காரராக அந்த அணியில் சேர்ந்தவர். காலணிகள் வைக்கும் சிறிய அறையில் மற்றப் பயிற்சியாளர்களோடு அமர்ந்து தேநீர் அருந்தியபடி ஆட்டத்தை அலசிப் பழகியவர். அன்றாடப் பயிற்சியை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. பெய்ஸ்லிக்குத் தலைமைப் பதவியில் ஆசையே இல்லை. தயங்கித் தயங்கித்தான் ஏற்றார்.

முதல் பருவத்தில் லீக்கில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. நிர்வாகம் பொறுத்திருந்தது. ஒன்பது பருவங்களின் முடிவில் அவர் கணக்கில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் இருந்தன. 1983இல் அவர் விலகியபோதும் அதே அறையிலிருந்தே ஜோ ஃபேகன் வந்தார். முதல் பருவத்திலேயே மூன்று கோப்பைகளை வென்றார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓய்வு பெற்ற ஷாங்க்லி பழக்கம் விடாமல் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார். ஆட்டக்காரர்கள் அவரையே தலைவர் என்று அழைத்தார்கள். பெய்ஸ்லிக்கு அது தர்மசங்கடம். இறுதியில், வரவேண்டாம் என்று அவருக்கு உணர்த்த வேண்டியதாயிற்று. அது அவர் மனத்தைப் புண்படுத்தியது. ஆனால் அந்த விலகல் இல்லாமல் பெய்ஸ்லி தலைவராகியிருக்க முடியாது.

மான்செஸ்டர் யுனைடெட் அணியில் நடந்தது இதற்கு மாறானது. 1969இல் மாட் பஸ்பி விலகி, அங்கேயே ஆடி அங்கேயே பயிற்சியாளரான வில்ஃப் மெக்கின்னஸிடம் பொறுப்பைத் தந்தார். மெக்கின்னஸுக்கு வயது 31. ஆட்டக்காரர்களில் சிலர் அவரோடு முன்பு ஆடியவர்கள். பஸ்பியோ பொது மேலாளராக அதே நிறுவனத்திலேயே இருந்தார். 1970 டிசம்பரில் மெக்கின்னஸ் நீக்கப்பட்டார். பஸ்பியே திரும்பி வந்து அந்தப் பருவத்தை முடித்துவைத்தார். ஒரே ஒரு காரணத்தால் அது நேர்ந்தது என்று கூறமுடியாது. எனினும் பழைய தலைவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது புதிய தலைவரின் சொல் எப்படி ஏறும்?

வாசகிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்துவிட்ட மாமியார், நாள்தோறும் அடுப்பங்கரைக்கு வந்து உப்புப் பார்த்தால், அந்த மருமகள் எக்காலத்தில் சமைக்கக் கற்பாள்?

அமெரிக்காவில் ஓர் இறுதியாட்டம்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளின் பயிற்சியாளருக்கு அரசியல் தலைவருக்குரிய புகழ் உண்டு. 2021ஆம் ஆண்டு இறுதியில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் வெற்றிகரமான பயிற்சியாளர் பிரையன் கெல்லி வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தற்காப்புப் பிரிவைக் கவனித்துவந்த இளைஞர் மார்கஸ் ஃப்ரீமனை மாணவர்கள் விரும்பினார்கள்; நிர்வாகமும் அவரையே நியமித்தது. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி! ஆனாலும் அவரை மாற்றவில்லை.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அர்பன் மேயர் ஓய்வு பெற்றபோது, 2019இல் உதவியாளர் ரயன் டே பொறுப்பேற்றார். பரம எதிரியான மிச்சிகன் அணியிடம் அவர் நான்கு முறை தொடர்ந்து தோற்றபோது, அவரை நீக்குமாறு பலர் கூச்சலிட்டார்கள். அந்த நான்காம் தோல்வி நிகழ்ந்தது 2024 நவம்பரில். 2025 ஜனவரி 20இல் தேசிய இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றவர்கள் யார் தெரியுமா? அதே ஃப்ரீமனும் அதே ரயன் டேயும்தான். ஒஹையோ 34-23 எனக் கோப்பையை வென்றது. வென்றவர், தோற்றவர் இருவருமே உள்ளிருந்து உயர்ந்தவர்கள்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதுமில்லை. அண்டையிலுள்ள பெங்களூரு அணியைப் பார்ப்போம். ஆல்பர்ட் ரோகா அதனை 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். இறுதி வரை கொண்டு சென்று, நம் சென்னை அணியிடம் 2-3 எனத் தோற்றார். அவர் விலகியதும் உதவியாளர் கார்லஸ் குவாட்ராட் தலைமைக்கு வந்தார். 2019 மார்ச்சில் கோவாவை 1-0 என வென்று, ஆசான் தவறவிட்ட கோப்பையை அவர் கொண்டுவந்தார்.

உள்ளாளின் இடர்

தம்பி பொறுப்பை ஏற்றான். ஏற்ற பின்தான் உண்மையான இடர் எது என்று விளங்கியது.

பதினோர் ஆண்டுகளாகப் பையன்கள் அவனை அண்ணன் என்றே அழைத்துவந்தார்கள். பெரியவர் திட்டினால் அவனிடம் வந்துதான் முறையிடுவார்கள். இப்போது திட்ட வேண்டியவனே அவன், முறையிட ஆளில்லை. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனும் அணியில் இருந்தான். அவன் காலைப் பயிற்சிக்குத் தொடர்ந்து வராததால் தம்பி அவனை முதல் இரு ஆட்டங்களில் வெளியே அமர்த்தினான். அன்று மாலையே பையனின் தந்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "அந்நியன் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம், நம்மவனே நம் பிள்ளையை உட்கார வைக்கலாமா?" என்றார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, "அவன் உங்கள் பிள்ளையைச் சேர்த்திருந்தால், உட்கார்ந்த பிள்ளையின் தாய் என்னிடம் வந்திருப்பாளே" என்றார்கள். அவர் தேநீரைப் பருகாமலே எழுந்து போனார். அந்த வருத்தம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

உள்ளாளுக்கு மட்டுமே தெரிந்த செய்திகளும் உண்டு. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வந்த பையன் ஒருவன் மாலைப் பயிற்சியில் பாதியிலேயே போய்விடுவான். புதியவர் ஒருவர் வந்திருந்தால் ஒழுங்கீனம் என்று பெயரை அடித்திருப்பார். மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அவனுக்கு இரவு தங்க இடமில்லை என்பது தம்பிக்குத் தெரியும். விடுதிக் காப்பாளரிடம் பேசி, வாரத்தில் மூன்று இரவுகள் அவன் தங்க வழி செய்தான். இதற்காகத்தான் நிர்வாகம் அவனைத் தேர்ந்தெடுத்தது என்று நான் எண்ணுகிறேன்.

முதல் போட்டியில் அணி காலிறுதியில் பெனால்டியில் தோற்றது. "பெரியவரை ஆலோசகராக அழைத்து வாருங்கள்" என்ற குரல் மறுநாளே எழுந்தது. தம்பியும் கலங்கிப்போய் அவரிடம் கைப்பேசியில் பேசினான். அவர் சொன்னாராம்: "நான் வந்தால் பையன்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், உன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். தோற்றாலும் நீயே தோற்றுக்கொள். ஓராண்டு வரை ஆட்டத்தைப் பற்றி என்னிடம் பேசாதே. வீட்டுக்கு வா, சாப்பிட்டுவிட்டுப் போ."

அவர் வென்று தந்த கோப்பைகள் எல்லாவற்றையும்விட இச்சொல்லே பெரியது என்பேன்.

கொடுப்பவரின் கடமை

அடுத்த பருவத்தில் தம்பியின் அணி எதை வெல்லும், எதைத் தோற்கும் என்பதை இறைவனே அறிவான். ஆனால் மேலே கண்ட வரலாறுகளிலிருந்து ஒன்று தெளிவாகிறது. உள்ளிருந்து உயர்ந்தவர் வெல்வது அவருடைய திறமையை மட்டும் பொறுத்ததன்று; பொறுப்பைக் கொடுத்தவர்களையும் பொறுத்தது. நிர்வாகம் அவருக்குக் காலம் தரவேண்டும். முன்னவர் அவருக்கு இடம் விடவேண்டும். உறவினர் அவரிடம் சலுகை கேளாதிருக்க வேண்டும்.

நம் குடும்பங்களிலும் கடைகள், மதரஸாக்கள், சங்கங்கள் எவற்றிலும் ஒருநாள் நாற்காலி கைமாறத்தான் வேண்டும். மூத்தோர் எழுந்திருக்கும்போது முழுமையாக எழுந்திருக்கட்டும். பெயருக்குப் பதவியையும் கையில் கயிற்றையும் கொடுத்துவிட்டுக் கயிற்றின் மறுமுனையைத் தாமே பிடித்துக்கொண்டிருந்தால், இளையவர் தலைநிமிர்வது எவ்வாறு? நீங்கள் வளர்த்தவர் மீது உங்களுக்கு நம்பிக்கை உண்டெனில், அவர் தடுக்கி விழுந்து தாமே எழுந்து நிற்கும் வரை சற்றுத் தள்ளி நின்று துஆச் செய்யுங்கள்.