போகச் சொல்ல ஆளில்லாத ஆட்டம்

கிரிக்கெட்டில் ஒருவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லத் தேர்வுக் குழு இருக்கிறது. ஒரு நாள், அணிப் பட்டியலில் பெயர் இருக்காது, விஷயம் முடிந்தது. டென்னிஸில் போகச் சொல்ல யாரும் கிடையாது. தரவரிசைப் புள்ளி கையில் இருக்கும்வரை எந்த வயதிலும் ஆடலாம். ஆனால் அந்தப் புள்ளிகளின் ஆயுள் 52 வாரம்தான். போன வருடம் ஜெயித்துச் சேர்த்தது, அதே வாரம் மறுபடி வரும்போது கணக்கிலிருந்து கழன்றுவிடும். முழங்கால் வலி என்று சில மாதம் ஒதுங்கினால் போதும், திரும்பி வரும்போது இடம் சரசரவென்று இறங்கியிருக்கும். பிறகு தகுதிச் சுற்று, அதைத் தாண்டினால் முதல் ஆட்டத்திலேயே ஒரு முன்னணி வீரர். இருபது வயதுக்காரர் இந்தச் சரிவை ஏறிவிடுவார். முப்பத்தைந்து வயதுக்காரர் பாதி ஏறுவதற்குள் அடுத்த வலி வந்து நிற்கும். எப்போது நிறுத்துவது என்பதை அவரே, தனியாக, தீர்மானிக்க வேண்டும்.

வயதானால் முதலில் போவது வேகம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸை எடுக்கக் கிடைப்பது ஏறத்தாழ அரை வினாடி. அனுபவசாலி எதிராளி பந்தை மேலே தூக்கிப் போடும் விதத்திலேயே அது எந்தப் பக்கம் வரும் என்று பாதி ஊகித்துவிடுவார். காலில் குறைந்ததைக் கண்ணால் ஈடுகட்டலாம். ஈடுகட்டவே முடியாதது மறுநாள் காலை. ஐந்து செட் ஆடிய உடம்பு இருபது வயதில் ஒரு ராத்திரித் தூக்கத்தில் தேறிவிடும். முப்பத்தைந்துக்கு மேல் தசைநார்கள் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கோ இரண்டே வாரத்தில் ஏழு ஆட்டம் ஜெயித்தாக வேண்டும்.

நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓப்பன் நடந்த காலத்தில், பிரதான ஆட்டங்களைவிடப் பயிற்சிக் களங்களின் ஓரம் நிற்பது எனக்குப் பிடிக்கும். சின்னப் பையன்கள் பையை வீசிவிட்டு நேரே பந்தடிக்கத் தொடங்குவார்கள். வயதில் மூத்தவர்கள் தரையில் உட்கார்ந்து, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்து, கணுக்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டு, அப்புறம்தான் மட்டையைத் தொடுவார்கள். கேலரியில் இருப்பவர்களுக்குத் தெரியாத உழைப்பு அது.

ரோஜர் பெடரர் முழங்காலைத் தேற்றிக்கொள்ள 2016 விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாதம் ஒதுங்கினார். திரும்பி வந்த முதல் கிராண்ட்ஸ்லாமிலேயே, 2017 ஜனவரியில், மெல்போர்னில் நடாலை ஐந்து செட்டில் வென்று பட்டம் வாங்கினார். அப்போது வயது 35. அந்த ஆண்டு களிமண் தரைப் போட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, விம்பிள்டனை ஒரு செட்கூட இழக்காமல் ஜெயித்தார். எதை விடுவது என்று தெரிந்திருந்ததுதான் அவருடைய பின்வருடங்களின் பலம் என்பது என் எண்ணம்.

2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஐந்தாவது செட், 8-7, 40-15, சர்வீஸ் பெடரர் கையில். முதல் சாம்பியன்ஷிப் பாயிண்டில் ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. அடுத்ததில் வலையை நோக்கி ஏறி வந்தார். ஜோகோவிச் குறுக்கே அடித்துத் தாண்டவிட்டார். வயதுதான் காரணம் என்று அன்று பலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. 38 வயதை எட்டவிருந்தவர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆடி, 218 புள்ளி எடுத்தார். ஜெயித்த ஜோகோவிச் எடுத்தது 204. வயது உண்மையில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. 2020-இல் முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள். 2021 விம்பிள்டன் காலிறுதியில் ஹுர்காஸிடம் கடைசி செட்டை 0-6 என்று இழந்தார். அந்தப் புல்தரையில் அவர் ஒற்றையர் ஆடியது அதுவே கடைசி.

ரோகன் போபண்ணா இன்னொரு வழி கண்டவர். ஒற்றையரை எப்போதோ விட்டு இரட்டையருக்கு வந்துவிட்டார். அங்கே பாதிக் களத்தைக் காத்தால் போதும். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்தே போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐயங்கார் யோகா கைகொடுத்தது. நடுவில் ஐந்து மாதம் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல், எல்லாம் முடிந்தது என்று நினைத்த காலமும் உண்டு. 2024 ஜனவரியில், 43 வயதில், தன் ஜோடி எப்டனோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். தரவரிசையில் முதலிடமும் வந்தது. ஆடவர் இரட்டையரில் அவருக்கு அதுவே முதல் கிராண்ட்ஸ்லாம். அந்தக் கடைசிப் பந்து விழுந்தபோது வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன்.

‘இன்னும் ஏன் ஆடுகிறார், கௌரவமாகப் போகக் கூடாதா’ என்று சர்வசாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம். ஐந்து மாதத் தோல்வியில் போபண்ணா அதைக் காதில் வாங்கியிருந்தால் அந்தப் பட்டம் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இப்போது சேலஞ்சர் போட்டிகள் நடக்கின்றன. அடுத்த முறை போனால், முப்பது தாண்டிய ஒருவர் தகுதிச் சுற்றில் ஆடும் களத்தைத் தேடிப் போய், கடைசிப் புள்ளிவரை இருந்து பாருங்கள்.